தொட்டி மேல் இருக்கும் போர்டு பேசுமா?

கேள்வி: தோட்டத்தில் ஆறு இ.எஸ்.பி.32 போர்டுகளை மெஷ்ஷாக இணைத்திருக்கிறேன். தொட்டி மேல் இருப்பது அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது. ஒவ்வொரு முறையும் லேப்டாப்போடு ஏணி ஏற வேண்டுமா?

பதில்: வேண்டாம், விழுந்து வைக்காதீர்கள். ஏழாவதாக ஒரு போர்டை லேப்டாப்பில் செருகி, ஒட்டுக்கேட்க மட்டும் வையுங்கள். மற்றவை தங்கள் பிழைச் செய்திகளை இ.எஸ்.பி.-நவ் என்னும் வயர்லெஸ் முறை வழியே பொதுவாக அறிவிக்கட்டும். ஏழாவது போர்டு அவற்றைச் சீரியல் மானிட்டரில் கொட்டும். ஒரு செய்தி 250 பைட்டுக்குள் இருக்கட்டும். எல்லாம் ஒரே சேனலில் இல்லாவிட்டால் ஒரு வரியும் வராது; பலரும் சறுக்குவது இங்கேதான். பொது அறிவிப்புக்கு ஒப்புகை வராது, அதனால் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் போடுங்கள். 41க்குப் பின் 43 வந்தால் நடுவில் ஒன்று தொலைந்திருக்கிறது. உங்கள் விஷயத்தில், போர்டு எழுந்ததும் ரீசெட் காரணத்தை முதல் வரியாக அனுப்பச் சொல்லுங்கள். 9 என்று வந்தால் 'பிரவுன் அவுட்', அதாவது வோல்டேஜ் இறங்கிவிட்டது. நிரலை நோண்டாமல் பவர் வயரைப் பாருங்கள். அதற்கு மட்டும் ஏணி வேண்டியிருக்கும்!