பெல்ட் ஏன் கத்துகிறது?

பெங்களூரில் மைசூர் ரோட்டை ஒட்டி மரக்கடைகள் நிறைய உண்டு. அங்கே ஒரு சின்னப் பட்டறை. கதவு, ஜன்னல், கட்டில் செய்கிறார்கள். மேஸ்திரி தர்மபுரிக்காரர். அவரிடம் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் கன்னடக்காரர். ஒருவர் மலையாளி. மூன்றாவது ஆள், ஊரிலிருந்து வந்து நான்கு மாதமே ஆன ஒரு தம்பி.

பட்டறையில் ஒரு பேண்ட்சா மிஷின் இருக்கிறது. பேண்ட்சா என்றால் பட்டை ரம்பம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி ஒரு நீண்ட பிளேடு வளையமாக ஓடும். கீழ்ச் சக்கரத்தின் அச்சில் ஒரு பெரிய புல்லி உண்டு. மோட்டாரில் ஒரு சின்னப் புல்லி உண்டு. இரண்டு புல்லிகளையும் இணைப்பது ஒரு ரப்பர் பெல்ட். மோட்டாரின் பலம் முழுவதும் இந்த பெல்ட் வழியாகத்தான் பிளேடுக்குப் போகிறது.

ஒரு திங்கட்கிழமை காலை. மிஷினைப் போட்டதும் பெல்ட் 'கீச்' என்று கத்தியது. மரத்தைக் கொடுத்தால் பிளேடு திணறியது. ரப்பர் கருகும் வாடை வந்தது.

தம்பி ஒரு டப்பாவை எடுத்தான். அதில் குங்கிலியப் பொடி இருந்தது. ஓடுகிற பெல்ட்டின் மேல் தூவப் போனான். பல பட்டறைகளில் இந்தப் பழக்கம் உண்டு.

"கையை எடு தம்பி!" என்று மேஸ்திரி கத்தினார். சுவிட்சை அணைத்தார்.

"பொடி போட்டா சத்தம் நின்னுடும் அண்ணே."

"சத்தம்தான் நிக்கும். கோளாறு நிக்காது."

மேஸ்திரியின் இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. பிளேடில் போனது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது பெல்ட்டில் போனது. பல வருடங்களுக்கு முன்னால், வேறொரு பட்டறையில், மரம் அறுக்கும்போது கரண்ட் போனது. மிஷின் நின்றது. சும்மா இருக்கும் நேரத்தில் பெல்ட்டைப் பார்க்கலாம் என்று கை வைத்தார். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கரண்ட் வந்தது.

சாதாரண சுவிட்ச் உள்ள மிஷின் இப்படித்தான். கரண்ட் வந்தால் தானாக ஓடும். நல்ல ஸ்டார்ட்டர் வைத்த மிஷின் அப்படி ஓடாது. பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். உங்கள் பட்டறையில் இருப்பது எது? இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதனால் மேஸ்திரி ஒரு முறை வைத்திருக்கிறார். மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஃபியூஸ் கட்டையைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட வேண்டும். சக்கரம் முழுவதும் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். பேண்ட்சா பிளேடு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. அணைத்தவுடன் நிற்காது. பிறகு சுவிட்ச் மேல் ஒரு அட்டையைத் தொங்கவிட வேண்டும். 'வேலை நடக்கிறது. சுவிட்சைப் போடாதே.' அந்த அட்டையை எழுதியது தம்பிதான். அதையே கன்னடக்காரர் கன்னடத்திலும், மலையாளி மலையாளத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கும் புரியாமல் போகக் கூடாது அல்லவா?

இப்போது பெல்ட்டைப் பார்த்தார்கள்.

இது 'வி' வடிவ பெல்ட். மேலே அகலம், கீழே குறுகல். புல்லியில் உள்ள காடியின் இரண்டு பக்கச் சுவரையும் பிடித்துக்கொண்டுதான் இது இழுக்கிறது. காடியின் அடியைத் தொடவே கூடாது. பெல்ட் தளர்ந்தால் பிடி போய்விடும். வழுக்கும். வழுக்கினால் கத்தும், சூடாகும், கருகும்.

தம்பி பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் மிதமாக அழுத்தினான். 3 சென்டிமீட்டர் இறங்கியது. இது மிக அதிகம். இரண்டு புல்லிகளுக்கும் நடுவே பெல்ட் 1 மீட்டர் நீளம் இருந்தால் 16 மில்லிமீட்டர் இறங்கலாம். இந்த மிஷினில் அரை மீட்டர்தான். அப்படியானால் 8 மில்லிமீட்டர் போதும். ஏறக்குறைய ஒரு பென்சிலின் தடிமன்.

"அப்ப இழுத்துக் கட்டிடலாமா அண்ணே?"

"கட்டலாம். முதல்ல பெல்ட்டைத் திருப்பிப் பாரு."

பெல்ட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடி போல மினுமினுத்தன. அடியில் குறுக்கே வெடிப்புகள். இந்த பெல்ட் செத்துவிட்டது. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் வழுக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் இன்னொரு கேடு. மோட்டாரின் பேரிங் சூடேறி உடையும். பெல்ட்டின் விலையையும் மோட்டார் பழுதின் விலையையும் நினைத்துப் பாருங்கள்.

பெல்ட் ஏன் செத்தது? அதுதான் முக்கியமான கேள்வி. பலர் இதைக் கேட்பதே இல்லை. மேஸ்திரி பிளேடின் பல்லை விரல் நுனியால் மெல்லத் தடவினார். மழுங்கிப் போயிருந்தது. பல் மழுங்கினால் மரத்தைப் பலமாகத் தள்ளுகிறோம். பிளேடு திணறுகிறது. மோட்டார் சுற்றுகிறது, பெரிய புல்லி சுற்ற மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு தேய்வது பெல்ட். புது பெல்ட் மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் சீக்கிரமே இதே கதிதான். மேஸ்திரி பிளேடைச் சாணை பிடிக்க அனுப்பினார். மோட்டாரைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் இரண்டு அதிர்ச்சியில் தளர்ந்திருந்தன. மோட்டார் நகர்ந்ததும் பெல்ட் தொங்கிவிட்டது. புல்லிக் காடியில் மரத்தூளும் பிசினும் அப்பியிருந்தன. குங்கிலியப் பொடியும்தான்.

இனி புது பெல்ட் வாங்க வேண்டும். தம்பி டேப்பை எடுத்து பெல்ட்டின் வெளிப்பக்கம் சுற்றளவு பார்த்தான். 60 அங்குலம் வந்தது. "60 நம்பர் பெல்ட்டுன்னு கேட்டு வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினான்.

"நில்லு. பெல்ட் முதுகுல எழுதியிருக்கும். படிச்சுட்டுப் போ."

துணியால் துடைத்தான். மங்கலாக 'பி 57' என்று தெரிந்தது.

பெல்ட்டில் உள்ள எழுத்து அதன் தடிமனைச் சொல்கிறது. கூரை போலக் கூம்பாக, நடுவில் ஒரு குறுக்குக் கோடு உள்ள எழுத்து 'ஏ'. அதன் மேல் அகலம் 13 மில்லிமீட்டர். நேர்க்கோட்டின் ஒரு பக்கம் இரண்டு வயிறு உள்ள எழுத்து 'பி'. அதன் அகலம் 17 மில்லிமீட்டர். பக்கத்தில் உள்ள எண் பெல்ட்டின் உள்சுற்றளவு. அது அங்குலக் கணக்கு. வெளியே அளந்தால் 'ஏ' பெல்ட்டில் ஏறக்குறைய 2 அங்குலமும், 'பி' பெல்ட்டில் ஏறக்குறைய 3 அங்குலமும் கூடவரும். 60 என்று கேட்டிருந்தால் பெல்ட் தொங்கியிருக்கும். பஸ் காசும் அரை நாள் கூலியும் வீண்.

தம்பி ஒரு தாளில் 'பி 57' என்று எழுதினான். பழைய பெல்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டான். எஸ்.பி. ரோட்டில் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. தம்பிக்குக் கன்னடம் அரைகுறை. தாளை நீட்டினான். கடைக்காரர் பார்த்தார், எடுத்துக் கொடுத்தார். தம்பி புது பெல்ட்டின் முதுகைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தான்.

மாட்டுவது எப்படி? திருப்புளியால் நெம்பி மாட்டக் கூடாது. பெல்ட்டுக்குள் கயிறு போன்ற நூல்கள் உண்டு. நெம்பினால் அவை அறுந்துவிடும். வெளியே தெரியாது. மோட்டார் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை உள்ளே தள்ளினார்கள். காடிகளை உலர்ந்த துணியால் துடைத்தார்கள். பெல்ட்டைக் கையால் எளிதாகப் போட்டார்கள். மோட்டாரை வெளியே இழுத்து, அழுத்திப் பார்த்து, போல்ட்டுகளை முடுக்கினார்கள். பிறகு இரண்டு புல்லிகளின் முகத்தை ஒட்டி ஒரு நூலை இழுத்துப் பிடித்தார்கள். பெரிய புல்லியில் இரண்டு இடம், சின்னப் புல்லியில் இரண்டு இடம். நான்கிலும் நூல் தொட்டது. தொடாவிட்டால் பெல்ட் கோணலாக ஓடி ஒரு ஓரம் பிய்ந்துபோகும். சில மிஷின்களில் இரண்டு பெல்ட்டுகள் ஓடும். அங்கே ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். புதியது ஒன்றும் பழையது ஒன்றுமாகப் போட்டால் பாரம் முழுவதும் புதியதன் மேல் விழும்.

கடைசியில் பெல்ட்டின் மேல் தகரத் தடுப்பை மாட்டினார்கள். ஓடும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே எழுதியது. பத்துப் பேருக்குக் குறைவான சின்னப் பட்டறைகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தன. பெல்ட்டுக்கு அது தெரியாது. லுங்கி நுனி, துண்டு, முந்தானை, எது கிடைத்தாலும் இழுத்துக்கொள்ளும்.

புது பெல்ட் கொஞ்சம் நீளும். அதனால் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, அணைத்து, மறுபடி அழுத்திப் பார்த்தார்கள். அடுத்த நாளும் பார்த்தார்கள்.

எல்லாச் சத்தமும் பெல்ட்டின் சத்தம் அல்ல. மோட்டார் 'உம்ம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள். மூன்று பேஸில் ஒன்று வராமல் இருக்கலாம். வயர்மேனைக் கூப்பிடுங்கள். பல நாள் ஓடாத மிஷின் முதலில் 'தொம் தொம்' என்று அதிரும். பெல்ட் புல்லியின் வளைவிலேயே இறுகியிருக்கும். சில நிமிடங்களில் சரியாகிவிடும். ஆகாவிட்டால் அணைத்துவிட்டுக் காடியைப் பாருங்கள்.

பயிற்சி

1. கரண்ட் போய் மிஷின் நின்றது. பெல்ட்டைத் தொடும் முன் என்னென்ன செய்ய வேண்டும்? வரிசையாக எழுதுங்கள்.

2. பெல்ட்டில் எண் அழிந்துவிட்டது. 'ஏ' பெல்ட். வெளியே அளந்தால் 50 அங்குலம். கடையில் எந்த எண்ணைக் கேட்பீர்கள்?

3. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றுகிறது. மோட்டார் புல்லி 4 அங்குலம். பெரிய புல்லி 8 அங்குலம். பெரிய புல்லி எத்தனை சுற்று சுற்றும்? மோட்டாரில் 6 அங்குலப் புல்லி மாட்டினால் எத்தனை?

4. உங்கள் பட்டறையில் எத்தனை மொழி பேசுகிறார்கள்? சுவிட்சில் தொங்கவிட ஒரு அட்டை எழுதுங்கள்.