இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

இராமானுஜன் என்றதும் 1729 என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நம்மவர் வழக்கமாகிவிட்டது. பெங்களூரில் என்னுடன் பயிலும் கன்னட நண்பர் ஒருவர், "அதற்கப்பால் அவர் செய்தது என்ன?" என்று கேட்டார். முறையான கேள்வி. அதற்கு விடையாக வேறோர் எண்ணை இங்கே ஆராய்வோம். அது 293318625600; அதாவது 29331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

முதலில் 12 என்னும் எண்ணைப் பாருங்கள். அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகு எண்கள் இல்லை. இவ்வாறு, தனக்குச் சிறிய எண்கள் அனைத்தையும்விட மிகுதியான வகு எண்களைக் கொண்டதை 'மிகு பகு எண்' எனலாம். 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை இவ்வகை எண்களைப் பற்றியதே.

வகு எண்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டுவதில்லை. எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக எழுதி, ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும். 12 = 2² × 3; ஆகவே 3 × 2 = 6. 18 = 2 × 3²; அதற்கும் ஆறுதான். ஆனால் 12 சிறியது. ஆகையால், மிகு பகு எண்ணில் பெரிய பகா எண்ணுக்குச் சிறியதைவிட உயர்ந்த அடுக்கு அமைய முடியாது. அமைந்தால், அடுக்குகளை இடம் மாற்றி, அதே அளவு வகு எண்கள் உள்ள சிறிய எண்ணைப் பெற்றுவிடலாம்.

இனி நம் எண்ணுக்கு வருவோம்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகள் படிப்படியாக இறங்குவதைக் காண்க. வகு எண்கள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. 1729 = 7 × 13 × 19 என்பதற்கோ எட்டே வகு எண்கள்; 24க்கும் எட்டு உண்டு! இரண்டு கனங்களின் கூட்டலாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் என்பதே 1729இன் பெருமை. இந்த வகைப்பாட்டில் அது எளிய எண்தான்.

இராமானுஜன் 102 மிகு பகு எண்களைப் பட்டியலிட்டார். அவற்றுள் 293318625600 விடுபட்டுப் போயிற்று! பட்டியலின் இறுதி எண்ணான 6746328388800 என்பதோ, விடுபட்ட இதே எண்ணின் 23 மடங்கு. அதற்கு 10080 வகு எண்கள்.

இதனால் அவர் புகழ் குன்றுமா? குன்றாது. கணிப்பொறி இல்லாத காலத்தில், பதின்மூன்று இலக்கம் வரை சென்ற பட்டியல் அது. விடுபட்டதை நாம் விளங்கிக்கொள்வதற்கும் அவர் ஆராய்ந்த அடுக்கு முறையே துணை நிற்கிறது. பெரியோரின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது எளிது. அவர் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் சிறப்பு. தோழர்களே, ஒரு தாளும் எழுதுகோலும் எடுங்கள். 60க்கு அடுத்த மிகு பகு எண் எது?