அம்பத்தூரா, ராஜ்புராவா, சீனாவா: எந்த சைக்கிளை வாங்குவது?

கேள்வி: நாங்கள் பூந்தமல்லி குமணன்சாவடியில் இருக்கிறோம். அப்பா அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் 1983-ல் வாங்கிய ஹெர்குலிஸ் இன்னும் வீட்டில் இருக்கிறது; பால் வாங்க, மாவு அரைக்க அதில்தான் போகிறார். கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகன் கியர் சைக்கிள் கேட்கிறான். தினமும் கல்லூரிக்கும், ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமும் ஓட்டுவானாம். 25,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். கடையில் பார்த்த வண்டிகளில் ஒன்று பஞ்சாபில் செய்தது என்றார்கள், இன்னொன்றுக்கு ஃப்ரேம் சீனாவிலிருந்து வந்தது என்றார்கள். ‘நம்ம ஊரில் செய்ததாக இருந்தால் நாற்பது வருஷம் ஓடும், வெளியூர்ச் சரக்கை நம்பாதே’ என்கிறார் அப்பா. செய்த இடம் அவ்வளவு முக்கியமா? ஆலை இடம் மாறினால் ஓட்டுகிறவருக்கு என்ன பாதிப்பு? பழைய ஹெர்குலிஸை வைத்துக்கொள்ளலாமா, போட்டுவிடலாமா?
- எஸ்.ஆர்., பூந்தமல்லி

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி எந்த ஊரில் செய்யப்பட்டது என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். தேயும் பாகங்கள் எல்லாரும் செய்கிற பொது அளவில் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். உங்கள் அப்பாவின் ஹெர்குலிஸ் நாற்பது வருஷம் ஓடியதற்கு அதுதான் பெரிய காரணம். அம்பத்தூருக்கும் அதில் பங்கு உண்டு. அது என்ன பங்கு என்று சரியாகப் புரிந்துகொண்டால் மகனுக்கு வண்டி தேர்ந்தெடுப்பது சுலபமாகிவிடும்.

1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய மூன்று பெயர்களுமே பர்மிங்காம் வட்டாரத்தில் பிறந்தவை. அப்படிப் பார்த்தால், அப்பா நம்ம ஊர் வண்டி என்று பெருமைப்படும் ஹெர்குலிஸே ஒருகாலத்தில் இடம் மாறி வந்த சரக்குதான். பர்மிங்காமில் அந்தப் பெயர்கள் மங்கிப் போயின. இங்கே வீட்டுக்கு வீடு நின்றன.

பெயர் மட்டும் வந்திருந்தால் இது நடந்திருக்காது. அதன் பின்னாலேயே பாகங்கள் செய்யும் தொழிலும் வந்தது. 1955-ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆலை வந்தது. ஃப்ரேமுக்கு வேண்டிய இரும்புக் குழாய் பக்கத்திலேயே கிடைத்தது. 1960-ல் டி.ஐ. டைமண்ட் செயின் வந்தது. டைனமோ விளக்குக்கு டி.ஐ. மில்லர் இருந்தது. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் உள்ள சில கிலோமீட்டருக்குள் ஒரு சைக்கிளின் பெரும்பகுதி உருவானது. ஆலையில் வேலை கற்றவர்களின் கைப்பழக்கம் சுற்றுவட்டாரத்துக் கடைகளுக்கும் பரவியது. உங்கள் அப்பா சொல்வதில் உள்ள உண்மை இது. பக்கத்தில் செய்த வண்டிக்குப் பக்கத்திலேயே பாகமும் கிடைத்தது, பழுது பார்க்கும் ஆளும் கிடைத்தார்.

பிறகு ஏன் பஞ்சாப் என்று கேட்பீர்கள். இந்தியாவில் சைக்கிள் பாகங்களின் பெரிய சந்தை லூதியானா. ஹீரோ சைக்கிள்ஸ் 1956-ல் அங்கேதான் தொடங்கியது. ரிம், ஹப், பெடல் என்று ஒவ்வொன்றையும் செய்யும் சிறு பட்டறைகள் அந்த ஊர் முழுக்க உண்டு. அதோடு, சைக்கிள் லாரியில் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. தொலைதூரம் அனுப்பினால் வாடகையிலேயே லாபம் கரைந்துவிடும். அதிகம் விற்கிற வடமாநிலங்களுக்குப் பக்கத்தில் ஆலை இருப்பதுதான் கணக்குக்குச் சரி. அதனால்தான் அம்பத்தூரில் தொடங்கிய நிறுவனமே பஞ்சாபின் ராஜ்புராவிலும் பெரிய ஆலை கட்டியது. அங்கே செய்ததால் வண்டி மட்டம் ஆகிவிடாது. ஆனால் குழாய் ஆலையையும் செயின் ஆலையையும் சுற்றி வளர்ந்த நம் பக்கத்து வேலைவாய்ப்புக்கு இது இழப்பு. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவின் ஷ்வின் 1980-களின் தொடக்கத்தில் சிகாகோ ஆலையை மூடி, தைவானின் ஜயண்ட் கம்பெனியிடம் வண்டி செய்து வாங்கியது. 1992-ல் ஷ்வின் திவாலானது. ஜயண்ட் இன்று உலகின் மிகப் பெரிய சைக்கிள் நிறுவனங்களில் ஒன்று. ராலே தன் சொந்த ஊரான நாட்டிங்காமில் வண்டி செய்வதை 2002-ல் நிறுத்தியது. ஐரோப்பா 1993-லிருந்து சீன சைக்கிள்களுக்குத் தனி வரி போட்டு, பின்னர் அதை 48.5 சதவீதம் வரை ஏற்றியது. உடனே வண்டிகள் வேறு நாடுகள் வழியாகப் போகத் தொடங்கின. 2013-ல் இலங்கை, மலேசியா, இந்தோனேசியா, துனிசியா வழியாக வரும் சைக்கிள்களுக்கும் அதே வரியை நீட்டித்தார்கள். ஆக, ஆலை இடம் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வரியும் கூலியும் வாடகையும்தான். வண்டியின் தரத்தைப் பற்றி அந்த ஊர்ப் பெயர் ஒன்றும் சொல்லாது. ஒரே ஊரில் நல்ல ஃப்ரேமும் வரும், மோசமான ஃப்ரேமும் வரும்.

இனி ஓட்டுகிறவருக்கு என்ன பாதிப்பு என்று பார்ப்போம். 1951-ல் இன்றைய ஹரியானாவின் சோனிப்பட்டில் தொடங்கிய அட்லஸ், சாகிபாபாத்தில் இருந்த தன் ஆலையை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் தினம். வேலை இழந்தவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் ஏற்கெனவே அட்லஸ் வைத்திருந்தவர் யாரும் பாகம் கிடைக்காமல் வண்டியை ஓரம் கட்டவில்லை. காரணம், கறுப்பு ரோட்ஸ்டர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் டயர், பி.பி. (பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்) கப், காட்டர் ஆணி, ஃப்ரீவீல், செயின், பிரேக் கட்டை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு கம்பெனி போனால் பத்துக் கம்பெனிகள் அதே பாகத்தைச் செய்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டில் அரசு ஆண்டுதோறும் பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கொடுக்கும் விலையில்லா சைக்கிளும் இதற்கு உதவுகிறது. எந்த ஊரிலும் சாதாரண சைக்கிளுக்கு வேலை இருப்பதால், அதன் பாகங்களைக் கடைக்காரர் தைரியமாக வாங்கி வைக்கிறார்.

கியர் சைக்கிளில் நிலைமை வேறு. ஹேங்கர் என்ற பாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஃப்ரேமையும் பின் கியரையும் இணைக்கும் சின்ன அலுமினியத் துண்டு அது. கட்டை விரல் அளவுதான் இருக்கும். ஒன்றிரண்டு திருகில் நிற்கும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான். ஃப்ரேம் தப்பிக்கட்டும் என்றுதான் அதை மென்மையாகச் செய்கிறார்கள். வளைந்தால் கியர் தாறுமாறாக விழும். செயின் கம்பிக்குள் சிக்கும். ஆனால் அதன் வடிவம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும், ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடலும் மாறும். கம்பெனி தயாரிப்பை வேறு ஆலைக்குக் கொடுத்து ஃப்ரேம் அச்சை மாற்றிவிட்டால், மூன்று வருஷம் கழித்து அந்தத் துண்டு கிடைக்காது. நல்ல அலாய் ஃப்ரேம், தேயாத சக்கரங்கள், எல்லாம் இருந்தும் ஹேங்கர் கிடைக்காமல் மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்து கிடந்த வண்டிகளை என் பட்டறையில் பார்த்திருக்கிறேன். ஆலை இடம் மாறுவது ஓட்டுகிறவரைத் தொடுகிற இடம் இதுதான். அதனால் வாங்கும் அன்றே இரண்டு ஹேங்கர் கூடுதலாக வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். வண்டி விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே அல்ல.

அடுத்தது டயர். அதன் பக்கவாட்டில் ‘26 அங்குலம்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கொஞ்சம் குனிந்து பார்த்தால், சின்ன எழுத்தில் நடுவில் கோடு போட்ட ஒரு எண் இருக்கும். அப்பாவின் 28 அங்குல வண்டியில் அது 40-635 என்று இருக்கும். 40 என்பது டயரின் அகலம், 635 என்பது ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 26-க்கு 1⅜ என்ற டயருக்கு இரண்டாவது எண் 590. 26-க்கு 1.95 என்ற மவுண்டன் பைக் டயருக்கு 559. இரண்டையும் 26 என்றுதான் சொல்வார்கள், ஆனால் 31 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. 700சி என்பதும் 29 என்பதும் பெயரில்தான் வேறு, இரண்டுக்குமே 622. மகனுக்கு 622 வாங்குங்கள். உலகம் முழுக்க அதிகம் புழங்கும் அளவுகளில் ஒன்று அது. எந்த ஆலை மூடினாலும் டயர் கிடைக்கும்.

மூன்றாவது, ஃப்ரேமின் உலோகம். அப்பாவின் வண்டி இரும்பு. விரிசல் விட்டால் பக்கத்து வெல்டிங் கடையிலேயே ஒட்டிவிடலாம். இன்றைய கியர் வண்டிகளில் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அதை ஒட்ட வேறு விதமான வெல்டிங் வேண்டும், ஒட்டிய பிறகு சூளையில் பதப்படுத்தவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய இடம் பலமிழந்துவிடும். அதனால் அலாய் ஃப்ரேமுக்கு எத்தனை வருஷம் வாரண்டி, நம் ஊரில் யார் அதைப் பொறுப்பேற்பார்கள் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். ஃப்ரேம் சீனாவில் செய்ததா, இங்கே செய்ததா என்பதைவிட இந்தக் கேள்விக்கான பதில்தான் உங்களைக் காப்பாற்றும்.

பழைய கியர் வண்டி வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. ஷிமானோ நிறுவனம் 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை செய்த சில அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகளில் (பெடலைத் தாங்கும் கைகளில்) ஒட்டு பிரிகிறது என்று 2023 செப்டம்பரில் அறிவித்து, சோதித்து மாற்றித் தர முன்வந்தது. கிராங்கின் உட்புறம் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். ‘கேஎஃப்’ முதல் ‘ஆர்எஃப்’ வரை என்றால் அந்த ஆண்டுகளில் செய்த சரக்கு. வாங்கும் முன் ஷிமானோ பாகங்கள் பார்க்கும் கடையில் சோதித்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு குறியீட்டைப் பொறித்து, குறை தெரிந்ததும் தேடி மாற்றித் தருவது, பெட்டியில் ஊர்ப் பெயர் போடுவதைவிட நமக்கு ஆயிரம் மடங்கு பயன்.

உங்கள் 25,000 ரூபாய்க்கு என் பரிந்துரை: முன் ஷாக் இல்லாத, நேரான ஃபோர்க் உள்ள ஹைபிரிட். இந்த விலையில் வரும் ஷாக், எடையைக் கூட்டும். உள்ளே தேய்ந்தால் உதிரி கிடைக்காமல் முழுதாக மாற்ற வேண்டியிருக்கும். நம் பக்கத்து மேடுபள்ளத்துக்கு 38 அல்லது 40 மில்லிமீட்டர் அகல டயர் போதும். பின்னால் 7 அல்லது 8 பல்சக்கரங்கள் போதும். 11, 12 என்று ஏறினால் செயினும் பல்சக்கரமும் மெலிந்து, விலையும் ஏறும். பி.பி. என்பது மரை போட்டுத் திருகும் வகையாக இருக்கட்டும். அழுத்திச் செருகும் வகை வேண்டாம். ஒயர்கள் ஃப்ரேமுக்கு வெளியே ஓடட்டும். ஹேண்டில்பாரும் அதைத் தாங்கும் ஸ்டெம்மும் தனித்தனியாக இருக்கட்டும். ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹெர்குலிஸைப் போட்டுவிடாதீர்கள். பழைய இரும்புக்குக் கொடுத்தால் சில நூறு ரூபாய்தான் வரும். ஒரு முறை ஓவராயில் செய்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, சக்கரத்தில் கோட்டம் எடுத்துக்கொண்டால் அப்பாவுக்கு இன்னும் பல வருஷம் உழைக்கும். மகனும் பஞ்சர் ஒட்டவும் கோன் இறுக்கவும் அதிலேயே பழகட்டும்.

புது வண்டி வாங்கும்போது கடைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த மாடலுக்கு ஹேங்கர் இப்போது உங்களிடம் இருக்கிறதா? டயரின் இரண்டாவது எண் என்ன? பி.பி. மரை வகையா? ஃப்ரேம் வாரண்டிக்கு யாரிடம் வர வேண்டும்? நான்குக்கும் தயங்காமல் பதில் சொல்கிற கடையில் வாங்குங்கள், ஐந்நூறு ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை. ஆலை எங்கே போக வேண்டும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் பத்துப் பேர் ஹேங்கர் கேட்டால் கடைக்காரர் ஹேங்கர் வாங்கி வைப்பார். அவர் கேட்டால் கம்பெனி அனுப்பும். பூந்தமல்லியில் நல்ல சைக்கிள் கடை நிலைத்திருக்க வேண்டுமென்றால், வாங்குகிற நாம் சரியான கேள்வியைக் கேட்கத் தொடங்க வேண்டும்.