பண்டிகைக்கு முந்தின நாள்

அன்புள்ள தங்கைக்கு,

ஆசிரியர் வேலையில் இல்லாத ஊர்க்காரர்களே பாடம் சொல்லிக்கொடுக்கத் திரண்டு வந்தது தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் இரண்டு முறை நடந்தது. முதலாவது, 1990-களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கம். பகலெல்லாம் காடு கழனியில் உழைத்துவிட்டு வந்த பெரியவர்களுக்கு, இளைஞர்களும் இளம்பெண்களும் சம்பளம் எதுவும் வாங்காமல் இரவில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். புதுக்கோட்டையில் அந்த இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. தென்காசியும் சேர்ந்திருந்த அன்றைய நெல்லை மாவட்டத்தில் அறிவொளியில் கிடைத்த அனுபவங்களை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ என்ற நூலாக எழுதியிருக்கிறார். இரண்டாவது, இல்லம் தேடிக் கல்வி. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் விட்டுப்போன படிப்பை மீட்க, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இத்திட்டம் தொடங்கியது. தொடங்கியபோது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் வகுப்பு நடந்தது. ஒரு தன்னார்வலரும் அவரிடம் படிக்கும் ஏறத்தாழ 20 பிள்ளைகளும் சேர்ந்தது ஒரு மையம். அன்று தன்னார்வலரின் ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. முன்வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பள்ளி ஆசிரியருக்கு ஒரு சந்தேகம் என்றால் பக்கத்து வகுப்பில் கேட்டுக்கொள்ளலாம். தன்னார்வலரோ தன் வீட்டுத் திண்ணையிலோ சாவடியிலோ தனியாக உட்கார்ந்திருப்பார். அடுத்த தெரு மையத்தில் வாய்ப்பாடு எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. மூன்று நான்கு மையங்கள் ஒரு சிறு பள்ளியின் முற்றத்தில் கூடிப் பண்டிகை கொண்டாடுவதன் முதல் பயன், இந்தத் தனிமை தீர்வதுதான். சேர்ந்து காய் நறுக்கும்போது பேசிக்கொள்வதை எந்தப் பயிற்சி வகுப்பும் தராது. வாசிக்கத் திணறும் பையனை என்ன செய்வது, வரவே மாட்டேன் என்கிற பிள்ளையின் வீட்டில் யாரிடம் பேசுவது என்பதெல்லாம் அங்கேதான் கைமாறுகின்றன.

கொண்டாட்டத்துக்கு ஏற்ற நாள் பண்டிகை நாள் அல்ல. அன்று தன்னார்வலருக்கும் வீடு உண்டு, அடுப்பு உண்டு, சொந்தக்காரர்கள் வருவார்கள். ஆகவே விடுமுறைக்கு முந்தின வேலைநாளே சரியானது. அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அன்று பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் இருப்பார்கள். புதுத்துணி கட்டாயம் என்று சொல்லிவிட்டால், புதுத்துணி எடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்றைக்கு மட்டும் வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடும்.

நீ மையம் நடத்தும் வீரகேரளம்புதூர் சிற்றாற்றங்கரை ஊர். சுற்று வட்டாரத்தில் பல வீடுகளில் பீடி சுற்றுவதுதான் பெண்களின் வருமானம். பண்டிகைச் செலவுக்காகத் தாய்மார் கூடுதலாகச் சுற்ற உட்கார்ந்தால், வீட்டுவேலையும் தம்பி தங்கைகளும் மூத்த பெண்ணின் தலையில் விழும். படிப்பு பின்னால் போகும். பண்டிகைக்கு முந்தின வாரம் வருகை குறைந்தால் தன்னார்வலர் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், வீட்டுக்கு ஒரு நடை போய் வருவதே முறை.

கல்வியாண்டின் முதல் கொண்டாட்டத்துக்கு ஜூலை 15 பொருத்தமானது. காமராசர் பிறந்த அந்த நாள் கல்வி வளர்ச்சி நாள். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் பருவம். எல்லா மதத்தாருக்கும் அது சொந்த நாள், செலவும் இல்லை.

பொங்கல்தான் பெரிய வாய்ப்பு. தன்னார்வலர்கள் ஆளுக்கொரு பொருள் கொண்டுவரலாம்: ஒருவர் பச்சரிசி, ஒருவர் மண்டைவெல்லம், ஒருவர் சிறுகிழங்கும் பனங்கிழங்கும். அரிசி அளப்பதே நல்ல கணக்குப் பாடம். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி; அப்படியானால் நாழிக்கு எத்தனை உழக்கு என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை கையால் அளந்து பார்த்துச் சொல்லட்டும்.

இந்த வட்டாரத்தில் கொண்டாடும் சிறுவீட்டுப் பொங்கல் அதைவிட அருமையானது. மார்கழி விடியலில் வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்துப் பூசணிப்பூ செருகுவார்கள். அந்தப் பூவையும் சாணியையும் சேர்த்து வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தைப்பொங்கல் கழிந்தபின் ஒரு நாள், சிறுமிகள் வாசலில் களிமண்ணால் சிறுவீடு கட்டி, சிறு பானையில் பொங்கலிட்டு, பூ வறட்டிகளை ஆற்றிலோ குளத்திலோ விடுவார்கள். பெரியவர்கள் உதவிக்கு நிற்க, பிள்ளைகளே முன்னின்று நடத்தும் பண்டிகை இது. பள்ளி முற்றத்தில் பையன்களையும் சேர்த்துக்கொண்டு அதே வீட்டைக் கட்டலாம். வாசல் எத்தனை சாண், சுவர் எத்தனை சாண் என்று அளந்தால் சுற்றளவு வந்துவிடுகிறது. இரண்டு அறைகளுக்கு நடுவே சுவர் வைத்தால் பரப்பளவும் பேசலாம். பாடப்புத்தகத்துச் செவ்வகத்தைவிட இந்த மண்சுவர் பிள்ளைக்கு நன்றாகப் புரியும்.

ஒரு மதத்தின் பண்டிகையோடு நின்றுவிடுவது பெரிய தவறு. தென்காசி மாவட்டத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கலந்து வாழ்கிறார்கள். அரையாண்டுத் தேர்வு முடியும் நாளில் கிறிஸ்துமஸ் பாட்டு வைத்துக்கொள்ளலாம். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரம் மாலை வகுப்பின் நேரத்துக்குள்ளேயே வருகிறது; பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் வைத்து எல்லாரும் உட்கார்ந்தால் போதும். எந்த வீட்டுப் பண்டிகையோ, அந்த வீட்டுப் பிள்ளை எழுந்து நின்று தங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகூட அன்று பேசும். அது பேசியதைக் கரும்பலகையில் நாலு வரியாக எழுதிப்போட்டால் மறுநாள் வாசிப்புப் பாடம் தயார்.

பணம் பற்றிய விதி கண்டிப்பானது: பிள்ளைகளிடம் ஒரு ரூபாயும் வசூலிக்கக் கூடாது. கொடுத்தவர், கொடுக்காதவர் என்ற கணக்கு அன்றைக்கே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். ஊக்கத்தொகையிலிருந்து பெருஞ்செலவு செய்வதும் நியாயமல்ல. அந்தத் தொகையை நம்பி இருக்கும் தன்னார்வலர் வீடுகள் உண்டு. செலவை ஒரு பானைப் பொங்கலோடு நிறுத்திக்கொள்ளலாம். பரிசுப்பொருள் வேண்டாம். மேடையும் மாலையும் விருந்தினர் பேச்சும் வந்துவிட்டால் பிள்ளைகள் வெறும் கூட்டமாகிவிடுவார்கள்.

அடுப்பைப் பெரியவர் ஒருவரே கவனிக்க வேண்டும். பாவாடையும் துப்பட்டாவும் காற்றில் பறக்கும் இடம் அது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். பூ வறட்டி விட ஆற்றுக்குப் போவதானால் தலைமை ஆசிரியருக்குச் சொல்லி, பெற்றோர் இருவரையாவது கூட அழைத்துப் போக வேண்டும். தலையை எண்ணிக் கூட்டிப் போய், திரும்பியதும் மறுபடி எண்ண வேண்டும்.

உன் மையத்துக்கு இது முதல் ஆண்டு. அடுத்த தெருவில் மையம் நடத்தும் அக்காவிடம் இந்த வாரமே பேசு. எந்த வீட்டில் பூசணிக்கொடி இருக்கிறதென்று இப்போதே விசாரித்து வை.

அன்புடன்,
அண்ணன்