போர்க்காலமும் நம் பங்கும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எல்லையில் சண்டை மூண்டால் வீரர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஊரே துடிக்கிறது. அந்தத் துடிப்பு அவர்களுக்கு உண்மையிலேயே பயன்பட வேண்டும்.

நம்பிக்கை: படைகள் போவதைப் படம் பிடித்துப் பகிர்ந்தால் வீரர்களுக்கு உற்சாகம்.

உண்மை: களத்திலிருக்கும் வீரருக்குக் கடிதம் எழுதும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். உறையில் பெயர், எண், படைப்பிரிவு, கடைசியில் ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் நிலைய எண் இருக்கும், ஊர்ப்பெயர் இருக்காது. தபால் உறையில்கூட இடம் தெரியாமல் ராணுவம் காக்கிறது. அப்படியிருக்க, டாங்கிகள் ஏற்றிய ரயிலை, ஸ்டேஷன் பெயர்ப்பலகையோடு நாம் ஸ்டேட்டஸில் வைக்கலாமா? 2025 ஏப்ரலில், படை நடமாட்டத்தை நேரலையில் காட்ட வேண்டாம் என்று மத்திய அரசு ஊடகங்களுக்கும் சமூக வலைதளப் பயனர்களுக்கும் அறிவுறுத்தியது.

நம்பிக்கை: வாட்ஸ்அப்பில் வரும் வங்கிக் கணக்குக்குப் பணம் போட்டால் வீரருக்குப் போய்ச் சேரும்.

உண்மை: பதற்றம் கூடும்போதெல்லாம் இப்படிப் பொய்த் தகவல்கள் சுற்றுகின்றன. முறையான வழிகள் ஏற்கெனவே உள்ளன: 1962-ல் தொடங்கிய தேசிய பாதுகாப்பு நிதி, முப்படையினருக்கான கொடிநாள் நிதி, உயிர்நீத்த துணை ராணுவப் படையினரின் குடும்பங்களுக்காக 2017-ல் வந்த ‘பாரத் கே வீர்’. சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

நம்பிக்கை: போர் என்றதும் எல்லோரும் உடனே ரத்தம் கொடுக்க வேண்டும்.

உண்மை: சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள் வரைதான் தாங்கும், தட்டணுக்கள் சுமார் 5 நாள். ஒருமுறை கொடுத்தவர் மீண்டும் கொடுக்க, ஆண் என்றால் 3 மாதம், பெண் என்றால் 4 மாதம் காத்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் குவிந்தால் அந்த ரத்தம் காலாவதியாகும். தேவை வரும்போது கொடுக்க ஆள் இருக்காது. ரத்த வங்கியில் பெயரைப் பதிந்து, அழைக்கும்போது போங்கள்.

நம்பிக்கை: சண்டை நின்றால் நம் கடமை தீர்ந்தது.

உண்மை: காயம்பட்டவரின் சிகிச்சையும், கணவனை இழந்தவரின் பென்ஷன் அலைச்சலும், பிள்ளைகளின் படிப்பும் அதன்பிறகும் தொடர்கின்றன. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ல் கொடிநாள் வருவது அதற்காகத்தான். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் கொண்ட, அன்று தரும் சிறு கொடியைக் கடனே என்று வாங்காதீர்கள். உங்கள் தெருவில் வீரர் வீடு இருந்தால் வதந்திகளை அங்கே கொண்டுபோகாதீர்கள். அவருடைய வயதான அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் நீங்களே போங்கள்.