இருபது திரை, ஒரே கணினி

பள்ளி லேப் பொறுப்பைப் புதிதாக ஏற்கும் தம்பி தங்கைகளுக்கு:

1. இணையத் தளங்களைத் தடுக்கும் முன், பிரவுசர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பழைய முறை எல்.டி.எஸ்.பி. லேபில் மேசைமேல் இருப்பது திரை, கீபோர்டு, ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். இருபது பிள்ளைகளின் பிரவுசரும் சர்வரில்தான் ஓடும். வெளியே தெரிவது ஒரே ஐ.பி. முகவரி. மூன்றாம் மேசைக்கு மட்டும் தடை என்று ரவுட்டரில் எழுத முடியாது. நான் எழுதிப் பார்த்தேன். மறுநாள் அறிவியல் ஆசிரியரின் பாட வீடியோவும் சேர்ந்து நின்றது.

2. ஆகவே மேசையை விட்டு ஆளைப் பிடியுங்கள். மாணவர் கணக்குகளுக்குத் தனிக் குழு வையுங்கள். அதுவே அவர்களின் முதன்மைக் குழுவாக இருக்கட்டும். சர்வரின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் ஓனர் மாட்யூல், பாக்கெட்டை அனுப்பியவர் எந்தக் குழு என்று பார்த்து நிறுத்தும். அது சர்வரிலேயே பிறக்கும் பாக்கெட்டுக்குத்தான் பொருந்தும். நமக்கு வேண்டியதும் அதுதான். மாணவர் குழு நேராக இணையத்துக்குப் போகும் வழியை அடைத்து, சர்வரில் 3128 போர்ட்டில் இருக்கும் ஸ்க்விட் ப்ராக்ஸி வழியாக மட்டும் விடுங்கள். இந்த விதியை இணையப் பக்கத்து நெட்வொர்க் கார்டில் மட்டும் போடுங்கள். உள்பக்கத்துக் கார்டிலும் போட்டால் பிள்ளைகளின் திரையே உறைந்துவிடும். ஐ.பி.வி.6 இருந்தால் அதற்கும் தனியாக எழுத வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

3. தளங்களைத் தடுக்க ஹோஸ்ட்ஸ் ஃபைல் வேண்டாம். சர்வரில் எழுதினால் ஆசிரியருக்கும் அதே தடைதான்.

4. எச்.டி.டி.பி.எஸ். தளங்களில் ஸ்க்விட்டுக்குத் தளத்தின் பெயர் தெரியும், பக்கம் தெரியாது. நம் சான்றிதழைப் பிரவுசரில் ஏற்றி உள்ளே பார்க்கவும் வழி உண்டு. செய்யாதீர்கள். பிள்ளைகளின் பாஸ்வேர்டு வரை நம் கைக்கு வந்துவிடும். அவர்கள் நம்பி உட்காரும் இடம் அது.

5. சொல்லை வைத்துத் தடுக்கும்போது நிதானம் வேண்டும். எச்.டி.டி.பி.எஸ். பரவாத நாட்களில் டான்ஸ்கார்டியன் என்ற வடிகட்டி வைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மார்பகப் புற்றுநோய் பற்றிப் படிக்கப் போனாள். தடைப்பக்கம் வந்தது. அவள் யாரிடமும் கேட்கவில்லை. திரையைச் சட்டென்று அணைத்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு அந்த நோய் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று மாலையே தடைப்பக்கத்தின் வாசகத்தை மாற்றினேன்: “இந்தப் பக்கம் தேவையென்றால் சொல்லுங்கள், காரணம் கேட்க மாட்டோம்.” சர்வருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் தொங்கவிட்டேன். தளத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதும். மறுநாள் காலை மணி அடிக்கும் முன் பார்த்துத் திறந்துவிடுவேன்.