ஐம்புலனும் அன்றாட நலமும்

உலகத்துயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாகப் பகுத்தவர் தொல்காப்பியர். மெய், நா, மூக்கு, கண், செவி என ஒவ்வொன்றாக ஏற, ஆறாவதாக மனம் நிற்றலை மரபியலிற் காண்கிறோம். மனவறிவு ஏனை ஐந்தின்மேல் எழுந்ததேயன்றி, அவற்றை நீக்கி எழுந்ததன்று. ஆதலின், அவ்வைந்தினால் அன்றாட வாழ்வை நலமுறச் செய்யுமாறு யாதென ஈண்டு ஆராய்வாம்.

புலனடக்கமே அறமென நூல்கள் கூற, புலன்களைப் பேணுதல் அதற்கு முரணன்றோவெனின், அன்று. அடக்கத்திற்கு வள்ளுவர் காட்டிய உவமை ஆமை. அவ்வாமை இடர் வருங்கால் உறுப்புக்களை உள்ளிழுக்கும்; வழிச்செல்லுங்கால் அவற்றையே வெளியே நீட்டும். கண்டவற்றின் பின்னெல்லாம் புலனை ஓடவிடுதல் வேறு. தக்கதன்கண் அதனை நிறுத்துதல் வேறு.

முதற்கண் கண்ணை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையிற் பித்தப்பை அறுவை செய்துகொண்ட நோயாளர் 46 பேரை ஒப்புநோக்கிய ரோஜர் உல்ரிச் என்பார், தம் முடிவை 1984-இல் வெளியிட்டார். பலகணி வழியே மரங்களைக் கண்டவர், செங்கற்சுவரைக் கண்டவரினும் சற்று விரைவில் வீடு திரும்பினர். வலிதணிக்கும் கடுமருந்தும் அவர்க்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. ஓராய்வே முற்றும் முடிவாகாதெனினும், காட்சி உடலையும் தொடுமென்பதற்கு இஃது ஒரு சான்றாம். கைபேசித் திரையையே நெடுநேரம் நோக்குவார்க்கோ, இமைத்தல் குறைந்து கண் உலர்கின்றது. 20 நிமிடத்திற்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 விநாடி நோக்குதல் கண்ணுக்கு இளைப்பாறுதல் தரும்.

இனி, மூக்கு. 2020-இற் பரவிய கொரோனா நோயால் மணவுணர்வை இழந்தோர் பலர். அவர்க்கு உணவும் சுவையற்றதாயிற்று. நாவின் செயலென நாம் எண்ணும் சுவையிற் பெரும்பகுதி மூக்கின் கொடையென்பது அப்போது பலர்க்கும் விளங்கிற்று. ரோசா, எலுமிச்சை, கிராம்பு, தைலமரம் ஆகிய நான்கின் மணத்தை நாளும் இருமுறை கருத்தூன்றி முகரும் பயிற்சி அவருட் சிலர்க்குத் துணைசெய்தது. மணமுணர்தலும் பயிற்சியால் வளர்வதென இதனால் அறிகிறோம்.

செவியின் நிலையோ வேறு. அதன் உட்புறத்து நுண்மயிர் அணுக்கள் பேரோசையால் ஒருமுறை அழியின் மீண்டும் முளையா. காதிற் செருகிக் கேட்கும் கருவியின் ஒலியைக் குறைத்தலும், இடையிடையே செவிக்கு ஓய்வளித்தலும் இளமையிலேயே மேற்கொள்ளத்தக்கன. இழந்தபின் வருந்திப் பயனில்லை.

மெய்யுணர்வும் சிறிதன்று. துயருற்றார் கையைப் பற்றி உடனிருப்பார், சொல்லாற் கூறவியலாத ஆறுதலைத் தொடுதலாற் கூறுவர்.

மாணவ நண்பர்காள்! இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை. வேண்டுவது கருத்து ஒன்றே. கண் திறந்திருப்பினும் மனஞ்செல்லாவிடத்துக் காட்சியில்லை. உணவு நாவிலிருப்பினும் நினைவு வேறிடத்திருப்பின் சுவையில்லை. நாடோறும் ஒருவேளை உணவையேனும் கைபேசியின்றி உண்போம். மாலையிற் சிறிது நேரம் மரநிழலில் நடந்து புள்ளொலி கேட்போம். ஐந்து வாயிலும் செவ்வையாகத் திறந்திருக்குமாயின், உள்ளிருக்கும் மனமும் தெளிவுறும். அத்தெளிவு நம் கல்விக்கும் உறுதுணையாகும்.